ஷேவிங் பிரஷில் கிருமிநாசினிக் கறையா? எதில் முக்கினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

பேட்ஜர் என்கிற காட்டு விலங்கின் முடியில் செய்த பழைய ஷேவிங் பிரஷ் ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலோர் முதலில் செய்வது, வீட்டில் இருக்கிற கிருமிநாசினியில் அதை முக்கி வைப்பது. நானும் அதைத்தான் செய்தேன். யாரோ பயன்படுத்திய பிரஷ். அவர் கன்னத்தில் என்ன இருந்ததோ என்ற பயம். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் பரல்களைப் போட்டு, அந்தக் கத்தரிப்பூ நிறத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால், பால் வெள்ளையாக இருந்த நுனியெல்லாம் தேங்காய் நார் நிறம்.

சோப்புக்கும் ஷாம்புவுக்கும் அது அசையவில்லை. வைட்டமின் சி இந்தக் கறையை எடுக்கும் என்று தெரிந்ததும், மருந்து டப்பாவில் கிடந்த சப்பிச் சாப்பிடும் மாத்திரையில் இரண்டைப் பொடித்து வெந்நீரில் போட்டேன். பழுப்பு கண்ணெதிரே கரைந்தது. அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்தான். அலசிப் பார்த்தபோது நுனி முழுக்க வெளிர் ஆரஞ்சு! மாத்திரைக்குப் போட்டிருந்த கலர், அப்படியே முடியில் ஏறிவிட்டது.

ஏன் ஏறியது என்று புரிந்துகொண்டால் கீழே சொல்லப்போவதில் பாதி புரிந்த மாதிரி. முடி என்பது கெரட்டின் என்கிற புரதம், கம்பளியும் அதுதான். கம்பளிக்கும் பட்டுக்கும் சாயம் போடுகிறவர்கள் தொட்டியில் கொஞ்சம் அமிலம் விட்டுச் சூடாக்குவார்கள். அமிலத்தில் புரத இழை நேர்மின்னேற்றம் பெறும். எதிர்மின்னேற்றம் கொண்ட சாயம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். நான் வைட்டமின் சி என்கிற அமிலத்தையும், ஆரஞ்சுச் சாயத்தையும், வெந்நீரையும், முடியையும் ஒரே டம்ளரில் போட்டு, தெரியாமலே ஒரு சாயப்பட்டறை நடத்தியிருக்கிறேன். ஆக, ஒரு கறையை எடுக்கிற அமிலமே இன்னொரு கறையை முடியில் பூட்டிவிடும். அதனால்தான் 'வினிகரில் ஊற வை, எல்லாக் கறையும் போகும்' என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும்.

தொடங்குவதற்கு முன்

எந்தக் கரைசலிலும் முடியின் மேல்பாதி மட்டும் நனைந்தால் போதும். கொத்தின் அடியை கைப்பிடிக்குள் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அங்கே ரசாயனமோ சூடோ தொடர்ந்து போனால் பசை விட்டு, முடி கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். மரக் கைப்பிடியாக இருந்தால் இன்னும் கவனம். தண்ணீர் வெதுவெதுப்பாக, விரலை உள்ளே வைத்தால் சுகமாக இருக்கும் சூட்டில் இருக்கட்டும். கொதிநீர் கூடவே கூடாது.

எதையும் முழு பிரஷில் முதலில் செய்யாதீர்கள். பேட்ஜர் பிரஷ் எப்படியும் அவ்வப்போது ஒன்றிரண்டு முடி உதிர்க்கும். அந்த உதிர்ந்த முடியை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து, மேலே ஒரு சொட்டுக் கரைசல் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். நுனி வெள்ளை, நடுவில் கறுப்புப் பட்டை, அடியில் மங்கிய வெள்ளை என்று ஒரே முடியில் மூன்று நிறம் இருப்பதால், கரைசல் வெள்ளையை என்ன செய்கிறது, கறுப்பை என்ன செய்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கறுப்பு சாயமாகக் கசிந்து தட்டில் இறங்கினால், அந்த பிரஷ் பேட்ஜரே இல்லை, சாயம் தோய்த்த வேறு முடி என்று சந்தேகப்படலாம்.

நுனி பழுப்பு, முக்கியது ஊதாத் தண்ணீரில்

இது பெர்மாங்கனேட். ஊதா நிறம் முடியில் பட்டதும் வேதிவினை நடந்து, மாங்கனீசு டையாக்சைடு என்கிற பழுப்புப் பொருளாக முடியின் மேலேயே படிந்துவிடும். இது சாயம் அல்ல, தண்ணீரில் கரையாத படிவு. அதனால்தான் சோப்புக்கு அசைவதில்லை.

நிறம் சேர்க்காத வைட்டமின் சி பொடி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், ரசாயனக் கடைகளில் வெள்ளைப் பொடியாகக் கிடைக்கும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கரைத்து, நுனியை நனைத்து மெல்ல ஆட்டுங்கள். பழுப்பு கரைந்து நிறமற்ற மாங்கனீசு உப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடும். புதுக் கறை இரண்டு மூன்று நிமிடத்தில் போகும். பழையதற்குப் பத்து நிமிடம், தேவைப்பட்டால் புதுக் கரைசலில் இன்னொரு முறை. பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, ஒரு முறை ஷாம்பு.

எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. அவ்வளவு நேரம் புளிப்பில் ஊறுவது முடிக்கு நல்லதல்ல. ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் கறை நொடியில் மறையும் என்பது உண்மைதான். அதோடு நடுப்பட்டையின் கறுப்பும் செம்பட்டையாகத் தொடங்கும். பேட்ஜர் முடிக்கு நாம் காசு கொடுப்பதே அந்தக் கறுப்பு வெள்ளைக்குத்தானே.

மஞ்சள் கலந்த பழுப்பு, ஆஸ்பத்திரி வாசனை

போவிடோன் அயோடின். பெட்டாடின் என்றால் எல்லோருக்கும் தெரியும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு பரிசோதனை இருக்கிறது. ஈர பிரஷின் மேல் வெள்ளை டிஷ்யூவை அழுத்தி எடுத்து, அதில் ஆறிப்போன வடிகஞ்சி ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் அயோடின்தான்; வேறு எந்தக் கிருமிநாசினியும் கஞ்சியை இப்படி மாற்றாது.

இந்தக் கறை பார்க்கத்தான் பயங்கரம். இருப்பதிலேயே சாது. வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் அலசினாலே முக்கால்வாசி போகும். மீதிக்கு மேலே சொன்ன அதே வைட்டமின் சி கரைசல். அயோடின் நிறமற்ற அயோடைடாக மாறிவிடும். மீன் தொட்டிக் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று கற்கண்டு மாதிரி பரல்கள் விற்பார்கள். பெரும்பாலும் அது சோடியம் தயோசல்பேட். பழைய ஃபோட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்னது இதைத்தான். அதுவும் அயோடினை உடனே எடுக்கும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள், ஹைப்போவில் அமிலம் பட்டால் கந்தகம் பிரிந்து, தண்ணீர் பால் மாதிரி கலங்கி, மூக்கில் ஏறுகிற வாயு வரும்.

நுனி நீலம், அல்லது பாசிப் பச்சை

சலூன் கண்ணாடி முன்னால் சீப்பும் கத்தரியும் மிதக்கும் நீலத் திரவத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகைக்கு முன்னோடி பார்பிசைட். 1947இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மோரிஸ் கிங் என்பவர் உருவாக்கியது. பெயரைப் பிரித்தால் 'பார்பர் கொல்லி' என்று அர்த்தம் வரும். சீப்புக்கும் கத்தரிக்கும் அது அருமையான பொருள். பிளாஸ்டிக்கும் எஃகும் சாயம் குடிக்காது. முடி குடிக்கும். வெள்ளை நுனியில் நீலமாகவும், கொஞ்சம் மஞ்சளித்த பழைய முடியில் பச்சையாகவும் தெரியும்.

இங்கேதான் வினிகர் ஆலோசனை நம்மைக் கவிழ்க்கும். இப்படிப்பட்ட நீலச் சாயம் பெரும்பாலும் என் ஆரஞ்சு மாத்திரையின் சாயத்தைப் போன்றதே. அமிலத்தில் முடியை இறுகப் பிடித்துக்கொள்ளும், காரத்தில் பிடியை விடும். எனவே வினிகர், எலுமிச்சை, வைட்டமின் சி மூன்றும் இங்கே விலக்கு. ஷேவிங் டப்பாவில் பக்கத்திலேயே இருக்கும் படிகாரத்தையும் கிட்டே கொண்டுவராதீர்கள். துணியில் சாயம் நிற்பதற்காகச் சாயக்காரர்கள் காலம் காலமாகப் போடுகிற பொருள் அது.

முதலில் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில், பிழிந்தால் நீலம் வருவது நிற்கும் வரைக்கும் அலசுங்கள். இதற்கு முன்னால் சோப்பு போடக் கூடாது. காரணம் கீழே வருகிறது. அதன் பிறகு ஷேவிங் சோப்பை வழக்கத்தைவிடக் கெட்டியாக நுரைத்து, நுரையோடு பிரஷை இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். ஷேவிங் சோப்பு இயல்பிலேயே காரம். நுரை லேசான ஆகாய நீலமாக மாறுவது கண்ணுக்குத் தெரியும். பார்க்க ரசமாகத்தான் இருக்கும். அலசிவிட்டு இதே மாதிரி மூன்று நான்கு முறை. அப்படியும் நிற்கிற நீலத்துக்கு, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, பத்து நிமிடம். அதைவிட வலுவான காரத்துக்குப் போகாதீர்கள். சலவை சோடாவும் அம்மோனியாவும் முடியைச் சொரசொரப்பாக்கும்.

இதற்குப் பிறகும் நிழல் மாதிரி ஒரு நீலம் மிச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் ஷேவ் செய்யச் செய்ய அந்தச் சோப்பே அதை எடுக்கும். என் ஆரஞ்சு அப்படித்தான் போனது. மூன்று வாரம் ஆயிற்று.

முக்கியபோது ஒன்றுமில்லை, பிறகு திடீரென்று பழுப்பு

இந்தப் புகார் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: 'அதற்கப்புறம் பிளீச்சில் போட்டீர்களா?' பதில் பெரும்பாலும் ஆமாம்.

சில ஆன்டிசெப்டிக் திரவங்களில் குளோர்ஹெக்சிடின் இருக்கும். பாட்டில் லேபிளில் பெயர் இருக்கிறதா பாருங்கள். அது முடியிலும் துணியிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் குளோரின் பிளீச் பட்டதும் இரண்டும் சேர்ந்து பழுப்பாகும். ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கிறவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. வந்துவிட்டால் முழுக்கப் போகாது. சில முறை ஷாம்பு போட்டு, குறைகிற அளவுக்குக் குறைத்துக்கொண்டு, மீதியோடு வாழ வேண்டியதுதான். குளோர்ஹெக்சிடினில் முக்கிவிட்டு இன்னும் பிளீச்சுக்குப் போகாதவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சளித்து, நனைந்தால் கொழகொழ, காய்ந்தால் வைக்கோல்

பிளீச்சிங் பவுடர் அல்லது பிளீச் திரவம். இது கறையே அல்ல, காயம். பிளீச்சில் உள்ள ஹைப்போகுளோரைட் கெரட்டினைக் கரைக்கும். குளியலறைக் குழாயில் முடி அடைத்துக்கொண்டால் ஊற்றுகிற திரவங்கள் சிலவற்றிலும் இதே சரக்குதான். நனைந்த நுனியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். ஊறிப்போன சேமியா மாதிரி வழுக்கினால் முடியின் மேல்தோல் போய்விட்டது என்று அர்த்தம்.

செய்யக்கூடியது, மேலும் கரையாமல் நிறுத்துவது மட்டும். ஓடும் தண்ணீரில் பத்து நிமிடம், பிறகு ஆன்டி குளோரின் கரைசலில் ஐந்து நிமிடம், மறுபடி தண்ணீர். பிளீச் வாசனை இருக்கும்போது வினிகரோ எலுமிச்சையோ சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், அடைத்த குளியலறையில் அது விளையாட்டல்ல. அம்மோனியாவும் சேர்க்காதீர்கள், அதிலும் நச்சு வாயு வரும். மஞ்சள் திரும்ப வெள்ளையாகாது. நுனி உடைய ஆரம்பித்தால் நிற்காது. நல்ல கைப்பிடியாக இருந்தால், பழைய கொத்தைக் குடைந்து எடுத்துவிட்டுப் புதுக் கொத்து ஒட்டிக்கொள்ளலாம், தனியாக விற்கிறார்கள். வாங்கும் முன் குழியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

நுரை போட்டதும் பிரஷ் சிவக்கிறது

பயந்துவிடாதீர்கள், ரத்தம் இல்லை. வீட்டில் யாரோ மஞ்சள் போட்ட தண்ணீரில் பிரஷை முக்கியிருக்கிறார்கள். ரசாயனம் வேண்டாம், இயற்கையாகவே சுத்தம் பண்ணுவோம் என்கிற நல்லெண்ணம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். ஷேவிங் சோப்பும் காரம்தான். அதனால் காயும்போது மஞ்சளாக இருக்கும் நுனி, நுரை போட்டதும் செங்கல் நிறமாகிறது.

மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கிண்ணத்தில் எடுத்து நுனியை மட்டும் இரண்டு நிமிடம் ஆட்டுங்கள், திரவம் மஞ்சளாகும். அடுப்புப் பக்கம் வேண்டாம். கைப்பிடியில் ஸ்பிரிட் படாமல் பாருங்கள். வார்னிஷும் அக்ரிலிக்கும் கெட்டுவிடும். அலசிவிட்டு, மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் கறை பட்ட வேட்டியைக் கொடியில் போட்டால் வெளுத்துவிடுவது போலத்தான். காலை வெயிலில் இரண்டு மணி நேரம் வீதம் நாலைந்து நாள் போதும். நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் முடி முறியும்.

சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம், நுரை எழுவதில்லை

இதில் இரண்டு ஆசாமிகள் உண்டு. முகம் ஒன்று போலவே இருக்கும்.

ஒன்று, பென்சால்கோனியம் குளோரைடு போன்ற கிருமிநாசினிகள். சலூன் நீலத்திலும் பல தரை கழுவும் திரவங்களிலும் இருப்பது இந்த வகைதான். இவை நேர்மின்னேற்றம் கொண்டவை, சோப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. சந்தித்தால் இரண்டும் கட்டிக்கொண்டு பிசுக்காகப் படியும். நீலக் கறைக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் சோப்பு என்று சொன்னது இதற்காகத்தான். இந்தப் பிசுக்குக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் கண்டிஷனர் கலக்காத ஷாம்புவும், பொறுமையாக நாலைந்து முறை.

இரண்டாவது ஆசாமிக்கும் கிருமிநாசினிக்கும் சம்பந்தமே இல்லை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்த படிவு. எங்கள் வீட்டு போர் தண்ணீருக்கு இரண்டு மாதத்தில் இது வந்துவிடும். வினிகருக்கு வேலை இங்கேதான். இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், இரண்டு மூன்று நிமிடம் ஆட்டி அலசினால் அன்றைக்கே நுரை திரும்பும். எந்த ஆசாமி என்று தெரியாவிட்டால் ஷாம்புவில் தொடங்குங்கள். சாயக் கறையும் சேர்ந்து இருந்தால் சாயம் போன பிறகுதான் வினிகர்.

நிறம் சரி, வாசனை போகவில்லை

டெட்டால் வாசனைக்கு மருந்து காற்றும் நாட்களும்தான். இரண்டு நாளைக்கு ஒரு முறை நுரைத்து அலசி உலர்த்துங்கள். கறுப்பு ஃபினாயிலில் முக்கியிருந்தால் வாசனை போனாலும் அந்த பிரஷை நான் முகத்தில் வைக்க மாட்டேன். புண்ணுக்குத் தடவும் ஜென்ஷியன் வயலட்டின் ஊதாக் கறை ஸ்பிரிட்டில் கொஞ்சம் இறங்கும், முழுக்க இறங்காது.

சரி, இனி எதில் முக்குவது?

சொந்த பிரஷாக இருந்தால் எதிலும் வேண்டாம். சோப்பு, அலசல், முழுசாகக் காய விடுவது, இவ்வளவே போதும். அடுத்தவர் பிரஷ் என்றால் முதலில் ஷாம்பு, பிறகு நிறம் சேர்க்காத ஸ்பிரிட்டில் நுனி நனைய ஐந்து பத்து நிமிடம். கறை விடாது, ஆவியாகிப் போய்விடும். பெயின்ட் கடையில் நீலமோ ஊதாவோ கலந்து விற்கிற ஸ்பிரிட்டை எடுக்காதீர்கள். மறுபடி சாயப்பட்டறை தொடங்கிவிடும்.

மிகப் பழைய பிரஷ் விஷயம் வேறு. முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடி வரத்து தடைப்பட்டபோது, குதிரை முடிக்குச் சாயம் போட்டு பேட்ஜர் மாதிரி மாற்றி மலிவு விலை பிரஷ்கள் செய்தார்கள். முடியைச் சரியாகக் கிருமி நீக்கம் செய்யாததால் ஆந்த்ராக்ஸ் என்கிற கொடிய நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அதிலேயே தங்கி, 1915இலிருந்து 1920களின் நடுப்பகுதி வரை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ராணுவ வீரர்கள் உட்படப் பலருக்கு ஷேவிங் மூலமாகவே ஆந்த்ராக்ஸ் வந்தது. அந்த வித்துகள் ஸ்பிரிட்டுக்கோ சலூன் நீலத்துக்கோ சாகாது. 1930க்கு முந்தைய பிரஷ் கையில் இருந்தால் அதன் கறையை எடுக்க மெனக்கெட வேண்டாம். அப்படியே கண்ணாடி அலமாரியில் இருக்கட்டும்.

மற்ற பிரஷ்களைக் கறை எடுத்த அன்று பிழிந்து, உதறி, சுத்தமான துண்டில் முன்னும் பின்னும் தடவி, காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் விடுங்கள். நுனி சீக்கிரம் காய்ந்துவிடும். கொத்தின் நடுவே விரலை விட்டுப் பார்த்தால் மறுநாளும் ஈரம் இருக்கும். ஹேர் டிரையர் வேண்டாம். முதல் ஷேவுக்கு முன்னால் உள்ளங்கையில் ஒரு முறை நுரைத்து, நுரை வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.